சுகர் இல்லாத நெஞ்சு

பந்தியில் உட்கார்ந்த உடனே வைகுண்டராஜன் பக்கத்து இலைக்காரரின் சட்டைப்பையைப் பார்ப்பார். மாத்திரை அட்டையின் ஓரம் அங்கே தெரிந்துவிட்டால் முகம் மலர்ந்துவிடும். அந்த மனிதர் மாத்திரையைப் பிதுக்கி வாயில் போட்டுத் தண்ணீர் குடிக்கும்வரை பொறுமையாகக் காத்திருப்பார். பிறகு விளம்புகிறவனைக் கூப்பிடுவார். "ஏலே, பிரதமன இங்க ரெண்டு கரண்டி விடு. அவருக்கு விடாதே, அவருக்கு சுகர்." பப்படத்தை நொறுக்கி, பழத்தைப் பிசைந்து, அடைப் பிரதமன் பாயசத்தோடு குழைத்து உறிஞ்சுவார். அந்தச் சத்தம் நாலு இலை தள்ளிக் கேட்கும். கேட்க வேண்டும் என்றுதான் உறிஞ்சுவது.

"எனக்கு நெஞ்சுல ரெண்டு ஸ்டென்ட் உண்டு, கேட்டியளா. ஆனா சுகர் கிடையாது. எங்க குடும்பத்துலயே கிடையாது."

திருவிதாங்கூர் மகாராஜா அவருடைய பாட்டனாருக்குப் பட்டயம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனதுபோல் இருக்கும், இதை அவர் சொல்லும் தோரணை.

மயிலாடியில் அவருக்கு ஒரு வாடகை ஸ்டோர். பந்தல் சாமான், நாற்காலி, சமையலுக்குச் சருவம், உருளி, ஜெனரேட்டர் எல்லாம் அங்கே கிடைக்கும். சாமான் போகிற வீட்டுக்கெல்லாம் சாமானோடு அவரும் போவார். உருளியை யாரும் தூக்கிக்கொண்டு ஓடிவிடப் போவதில்லை. பந்திக்குத்தான் போகிறார் என்பது ஊருக்கே தெரியும். வயது அறுபத்திரண்டு. ஆதார் அட்டையை எங்கே வைத்தார் என்று கேட்டால் வீடு முழுக்கத் தேடுவார். ஆறு வருடத்துக்கு முன்னால் திருவனந்தபுரத்தில் ஸ்டென்ட் வைத்தபோது கொடுத்த அட்டை மட்டும் லேமினேஷன் போட்டு, சட்டைப்பையில், நெஞ்சோடு ஒட்டி இருக்கும்.

அந்த ஆஞ்சியோகிராம் சி.டி.யின் கதை இன்னும் விசேஷம். சி.டி. போடும் பெட்டி இப்போது யார் வீட்டிலும் இல்லை என்றானதும், கல்யாண வீடியோ எடுக்கும் ரதீஷிடம் கொடுத்து செல்போனில் ஏற்றித் தரச் சொன்னார். ரதீஷ் ஏற்றிக் கொடுத்தான். கல்யாணக் கேசட்டுக்குச் சேர்க்கிற பழக்கத்தில் பின்னணியில் நாதஸ்வரமும் கெட்டிமேளமும் சேர்த்துவிட்டான். வைகுண்டராஜனுக்கு அது குறையாகவே படவில்லை. கறுப்பு வெள்ளையில் இருதயம் துடிக்க, கெட்டிமேளம் முழங்க, "இந்தா பாத்தியளா, இங்கதான் ஸ்பிரிங்கு" என்று விரல் வைத்துக் காட்டுவார். மாப்பிள்ளை வீட்டார் சோறு ஆறுவதையும் மறந்து தலையை ஆட்டிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

இருதயக்காரர்களுக்குள் அவர் ஒரு சாதி வரிசையே வகுத்து வைத்திருந்தார். சுகர் இல்லாமல் ஸ்டென்ட் வைத்தவர் உச்சியில். அந்த உச்சியில் அநேகமாக அவர் ஒருவர்தான். சுகரோடு ஸ்டென்ட் வைத்தவர் அதற்கு ஒரு படி கீழே. சுகரும் இருந்து, பைபாஸும் செய்துகொண்டவரை அவர் மனிதக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. அவருடைய மனைவி செல்லத்தாயின் தம்பி சிவபிரசாத் அந்த வகை. நாலு வருடத்துக்கு முன் அறுவை முடிந்து, காலில் நரம்பு எடுத்த தழும்போடு முதன்முதலாக ஒரு கல்யாணத்துக்கு வந்தவனைப் பந்தியில் வைத்தே கேட்டார்: "ஏலே சிவா, உன்ன அறுத்தானா, இல்ல சாக்கு மாதிரி கிழிச்சுத் தச்சானா?" எல்லாரும் சிரித்தார்கள். சிவபிரசாத்தும் சிரித்தான். செல்லத்தாய் சிரிக்கவில்லை.

அவளுக்கும் சுகர். பதினோரு வருடமாக மாத்திரை விழுங்குகிறாள். அது அவள் பிறந்த வீட்டிலிருந்து கொண்டுவந்த சீதனம் என்று வைகுண்டராஜன் சொல்லாத விருந்தாளி இல்லை. கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போய் அவள் எதிர்ப்பேச்சை விட்டுவிட்டாள். ஆனால் கண்ணை விடவில்லை. பதினோரு வருடம் ஒரு நோயோடு குடித்தனம் நடத்தியவளுக்கு அதன் கால் சத்தம் தெரியாதா? பந்தல் ஆணி குத்திய காயம் அவர் காலில் இரண்டு மாதம் ஆறாமல் கிடந்ததைப் பார்த்தாள். சினிமா பார்க்க உட்கார்ந்தால் இடைவேளைக்குள் மூன்று தரம் எழுந்து போவதைப் பார்த்தாள். கண்ணாடியை இரண்டு தரம் மாற்றியும் கல்யாண அழைப்பிதழில் பெயர் மங்கலாகத் தெரிகிறது என்று அச்சகத்தானை ஏசுவதைக் கேட்டாள். ஒருநாள் வாய்விட்டுச் சொல்லியும் பார்த்தாள்.

"நல்லா ஒரு டெஸ்ட் எடுத்துப் பாருங்க. எனக்கென்னவோ உங்களுக்கும் சுகர் இருக்கும்னு படுகு."

"உனக்க வீட்டுச் சொத்த எனக்க தலையில எழுதி வைக்கப் பாக்கியா?"

டெஸ்ட் எடுக்காதவரா அவர்? ஆறு மாதத்துக்கு ஒரு முறை எடுப்பார். ஆனால் எடுக்கும் அழகு இருக்கிறதே, பத்தாம் வகுப்புப் பரீட்சைக்குப் பிள்ளைகள்கூட அப்படித் தயாராக மாட்டார்கள். இரண்டு நாள் முன்பே சோறு நின்றுவிடும். காலையில் ஒரு தம்ளர் பாகற்காய்ச் சாறு, மத்தியானம் மோர், சாயங்காலம் வெறும் வெந்தயத் தண்ணீர். அஞ்சுகிராமம் ரோட்டில் காலையும் மாலையும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நடை. மூன்றாம் நாள் காலை வெறும் வயிற்றில் ரத்தம் கொடுப்பார். நூற்றெட்டு வரும். சாப்பிட்டபின் எடுக்கும் டெஸ்டுக்கு லேப்காரப் பெண் கூப்பிட்டால், "அது சுகர் உள்ளவனுக்கு" என்று சொல்லிவிட்டு, நேரே கடைக்குப் போய் ஏத்தம்பழ பஜ்ஜி நாலும் முந்திரிக்கொத்து இரண்டும் தின்பார். அந்த நூற்றெட்டுச் சீட்டு கடைச் சுவரில், சாமான் கணக்குச் சிலேட்டுக்கு மேலே, அடுத்த சீட்டு வரும்வரை தொங்கும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்களைப் பார்த்திருக்கிறோம். இவர் அந்தச் சோற்றையும் தானே தின்றுவிட்டுப் பூசணிக்காயே கிடையாது என்றார்.

ஆவணி மாதம் ஒரு கல்யாண மண்டபத்தில் சாமான் இறக்கினார்கள். மாடிப்படி பன்னிரண்டு இருக்கும். ஏழாவது படியில் வைகுண்டராஜன் உட்கார்ந்துவிட்டார். நெஞ்சு வலி இல்லை. மூச்சு மட்டும் ஏறவில்லை, சட்டை வியர்வையில் நனைந்து ஒட்டிக்கொண்டது. மகள் ஆதிரா காரை வைத்து நாகர்கோவிலில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். ஆஞ்சியோ எடுத்ததில் மூன்று குழாயிலும் அடைப்பு. பழைய ஸ்டென்ட் ஒன்றுக்குள்ளேயும் அடைப்பு.

"சுகர் உண்டா?" என்று டாக்டர் கேட்டார்.

வைகுண்டராஜன் மகளைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார். அவள் பையிலிருந்து நூற்றெட்டு, நூற்றிநாலு, நூற்றாறு என்று ஆறு வருடச் சீட்டுகளை எடுத்து வைத்தாள். டாக்டர் சீட்டுகளைப் பார்த்தார், காலில் இருந்த காயத்தின் வடுவைப் பார்த்தார், மூன்று மாதச் சராசரி காட்டும் ரத்தப் பரிசோதனை ஒன்றை எழுதினார். அந்த டெஸ்டிடம் இரண்டு நாள் பட்டினி செல்லாது. பத்து புள்ளி இரண்டு வந்தது. ஆறரையைத் தாண்டினாலே சுகர் என்றார் டாக்டர்.

"அது வேற ஆளுக்க ரத்தமா இருக்கும்" என்றார் வைகுண்டராஜன்.

மறுபடி எடுத்தார்கள். பத்து புள்ளி ஒன்று. முன்னேற்றம் இருக்கிறதே என்று அதிலும் ஒரு நிமிடம் மகிழ்ந்தார்.

டாக்டர் நிதானமாக விளக்கினார். சுகர் இல்லாதவருக்கு இப்படி அடைத்திருந்தால் இன்னும் ஸ்டென்ட் வைத்துச் சமாளிக்கலாமா என்று யோசிக்கலாம். சுகர் உள்ளவருக்கு மூன்று குழாயும் அடைத்திருக்கும்போது ஸ்டென்ட் அத்தனை நாள் தாங்காது. வைத்த இடத்திலும் அடைக்கும், பக்கத்திலும் அடைக்கும். பைபாஸ்தான் ஆயுளைக் கூட்டும்.

"அப்போ எனக்கு சுகர் இல்லேன்னு வச்சுக்கிட்டு ஸ்டென்ட் போடுங்க" என்றார் வைகுண்டராஜன். உயிரைக் காப்பாற்ற உட்கார்ந்திருக்கும் டாக்டரிடம் பேரம் பேசிய அந்த வாயை என்ன சொல்ல? டாக்டர் பேனாவை மூடி வைத்துவிட்டு செல்லத்தாயைப் பார்த்தார்.

மூன்று நாள் அவர் சம்மதிக்கவில்லை. அந்த மூன்று நாளும் செல்லத்தாய் கட்டிலுக்குப் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். ஆத்திரம் ஒரு பக்கம், பயம் ஒரு பக்கம். இந்த மனிதனை அவளுக்குப் பிடிக்குமா என்று கேட்டால் யோசித்துத்தான் பதில் சொல்வாள். ஆனால் இவர் இல்லாத வீட்டை அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. கடைசியில் சொன்னாள்:

"ஊருக்குப் பயந்து சாகப்போறியளா? நீங்க செத்தா பதினாறுக்குப் பிரதமன் வைப்பாவ. ஊரு திங்கும். உங்களுக்கு ஒரு கரண்டி கிடைக்காது."

அது உறைத்தது. ஒரு நிபந்தனையோடு கையெழுத்துப் போட்டார்: சுகர் விஷயம் ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டக் கூடாது.

திங்கட்கிழமை அறுவை என்று நாள் குறித்தார்கள். அதற்குள் சுகரைக் கீழே கொண்டுவர வேண்டும், மூன்று வேளையும் சாப்பாட்டுக்கு முன் இன்சுலின். ஞாயிற்றுக்கிழமை மயிலாடியிலிருந்து ஆட்கள் பார்க்க வந்துகொண்டே இருந்தார்கள். அவர்கள் முன்னால் ஊசியா? மத்தியானம் வந்த நர்ஸிடம், "முந்தின பிள்ளை போட்டுட்டுப் போயாச்சு" என்றார். ராத்திரி வந்தவளிடமும் அதையே சொன்னார். செல்லத்தாய் அப்போது மருந்துக்கடை வரிசையில் நின்றிருந்தாள். திங்கட்கிழமை காலை சுகர் முந்நூற்று இருபது; விசாரித்ததில் ஊசி போடாதது வெளியே வந்தது. அறுவையை வியாழனுக்குத் தள்ளினார்கள். "இனியும் ஒரு நேரம் தப்பினா வியாழனும் நடக்காது. இந்த நெஞ்சு அத்தனை நாள் காத்துக்கிட்டு இருக்கும்னு நான் சொல்ல மாட்டேன்" என்றார் டாக்டர். அந்த வார்த்தை செல்லத்தாயின் காதிலேயே நின்றது.

செவ்வாய் மத்தியானம் சிவபிரசாத் வந்தான். கூடவே பந்தல்கார மரியஜானும் கடைத்தெருக்காரர்கள் மூன்று பேரும் ஆரஞ்சுப் பையோடு வந்தார்கள். வைகுண்டராஜன் தலையணையில் சாய்ந்துகொண்டு கதையை ஆரம்பித்தார்.

"டாக்டர் ஸ்டென்ட்தான் வைக்கணும்னு ஒத்தக் காலுல நின்னாரு. எனக்க ரத்தக்குழாய் சாதாரண ஆளுக்க மாதிரி இல்ல, ரெண்டு மடங்கு பெரிசு. அந்த அளவுக்கு ஸ்டென்ட் வெளிநாட்டுலயே செய்யல்லியாம். அதனால பைபாஸ்."

"உள்ளதா?" என்றார் மரியஜான்.

"பின்னே?"

சிவபிரசாத் தன் காலில் இருந்த தழும்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். அத்தானைக் கேலி செய்ய அவனுக்கு இதைவிட நல்ல நேரம் வாய்க்காது. அவன் செய்யவில்லை. ஆரஞ்சை உரித்து அக்காவிடம் பாதி நீட்டினான்.

அப்போது நர்ஸ் ஜினி தட்டோடு உள்ளே வந்தாள். தட்டில் பஞ்சும் இன்சுலின் பேனாவும் இருந்தன.

"அங்கிள், சாப்பாடு வருகு. இன்சுலின் போடணும்."

மரியஜான் தட்டைப் பார்த்தார், கட்டிலைப் பார்த்தார். வைகுண்டராஜன் போர்வையை நெஞ்சுவரை இழுத்துவிட்டுக்கொண்டார். பிறகு, பந்தியில் விளம்புகிறவனுக்குக் காட்டுகிற அதே லாவகத்தோடு கையை நீட்டி, ஸ்டூலில் இருந்த மனைவியைச் சுட்டினார்.

"எனக்கு இல்ல பிள்ளே, இவளுக்கு. இவளுக்குத்தான் சுகர்."

ஜினி விழித்தாள். வந்திருந்த ஐந்து பேரும் செல்லத்தாயைத் திரும்பிப் பார்த்தார்கள்.

செல்லத்தாய் எழுந்தாள். தன்னை நோக்கி நீண்டிருந்த கையை மெதுவாக மடக்கி அவர் பக்கத்திலேயே வைத்தாள். பிறகு போர்வையை விலக்கி, ஆஸ்பத்திரிச் சட்டையின் கீழ்ப் பொத்தான் இரண்டையும் கழற்றி, அத்தனை பேர் முன்னிலையிலும் அவருடைய வயிறு தெரியச் சட்டையைத் தூக்கி, ஊசி இறங்கி முடியும்வரை பிடித்துக்கொண்டு நின்றாள்.