ஃப்ளெக்ஸில் வந்த 'முன்னாள்'

போன ஞாயிற்றுக்கிழமை காலை செல்வத்திடமிருந்து போன். காளவாசலில் கடை வைத்திருக்கும் என் பால்ய நண்பன். எடுத்து ஹலோ என்றேன். அவன் மெதுவாக...

"பேசுறது யாரு?"

"என் நம்பருக்குப் போட்டுட்டு யாருன்னு கேக்குற? நான்தான்டா!"

"மாப்ள... நீ உசுரோடதான் இருக்கியா? சிம்மக்கல்லுல உன் போட்டோவுக்கு மாலை போட்டிருக்காய்ங்கடா!"

அடித்துப் பிடித்து ஆனையூரிலிருந்து ஆட்டோவில் கிளம்பினேன்.

சிம்மக்கல்லில் நான் பிறந்து வளர்ந்தது ஒரு வளவில். மதுரைக்காரர்களுக்கு வளவு தெரியும் — ஒரே வாசல், உள்ளே வரிசையாகச் சின்னச் சின்ன வீடுகள், எல்லாருக்கும் பொதுவாக ஒரு தண்ணீர்க் குழாய். அந்தக் குழாயடியிலிருந்து ஒருவர் ஐகோர்ட் நீதிபதியாகப் போனார். ஒருவர் சென்னையில் பெரிய இதய டாக்டர். ஒரு பெண் இந்தியாவுக்காகக் கபடி ஆடினாள். கூட்டத்துக்குள் புகுந்து குடத்தை நிரப்பிக்கொண்டு யார் கையிலும் சிக்காமல் வெளியே வருவாளே, அதைவிடவா ஒரு கோச்சிங் வேண்டும்? அப்புறம்... அடியேன். கர்வம்தான். இல்லையென்று யார் சொன்னது?

அன்றைக்கு வளவு வாசலில் ஒரு படிப்பகம் திறப்பு. ஏற்பாடு கதிரேசன் அண்ணன், துணிப்பை மொத்த வியாபாரி. திறந்து வைப்பவர் நம் நீதிபதி. ரிட்டயர் ஆகி வீட்டோடு முடங்கிவிட்டவர், எந்த விழாவுக்கும் போவதில்லை. அவரை எப்படியாவது வரவழைக்க வேண்டும் என்று அண்ணன் நடையாய் நடந்திருந்தார்.

அண்ணன் வைத்த ஃப்ளெக்ஸைப் பார்த்தேன். எங்கள் நால்வரின் படம். கிடைத்ததெல்லாம் பழைய கறுப்பு வெள்ளைப் படங்கள். மூலையில் அழகுக்கு ஒரு தீபம். மேலே கொட்டை எழுத்தில், 'முன்னாள் வளவுக்காரர்கள்'.

நம் ஊரில் கறுப்பு வெள்ளைப் படமும் தீபமும் வந்தால் என்ன அர்த்தம்? போதாக்குறைக்கு 'முன்னாள்' வேறு! நீதிபதி படத்துக்குப் பெரிய ரோஜா மாலையே விழுந்திருந்தது.

அதைக் கழற்றலாம் என்று கையை நீட்டுகிறேன்... கார் வந்து நின்றது. அண்ணன் முன் சீட்டிலிருந்து குதித்தார். ஃப்ளெக்ஸைப் பார்த்தார். முகம் செத்துவிட்டது.

நீதிபதி இறங்கி மாலையைப் பார்த்தார். ஆனால் அவர் கண் நின்றது மேலே, அந்த எழுத்தில்.

"எங்க போனாலும் 'முன்னாள் நீதிபதி'ங்கிறாங்க கதிரேசா. கேட்டுக் கேட்டு அலுத்துப்போய்தான் எங்கயும் போறதில்ல. இங்கயுமா நான் முன்னாள்?"

திரும்பிக் காரைப் பார்த்தார். போய்விடுவாரோ என்று நான் கார் கதவுப் பக்கம் நகர்ந்தேன்.

பூக்கூடையோடு கூட்டத்தை விலக்கிக்கொண்டு ராக்காயி அக்கா வந்தார். வளவில் அவர் வீடும் நீதிபதி வீடும் ஒட்டு வீடுகள். அக்கா இன்னும் அதே வீட்டில்தான் இருக்கிறார்.

"அண்ணே! இருக்கீகளா? விடியக்காலம் இதப் பாத்துட்டு எம்புட்டு அழுதேன் தெரியுமா? நான்தான் மாலை போட்டேன்!"

"ராக்கு... நீயா?"

"செத்தவுகதான்ணே முன்னாளு. இருக்கிறவுக எல்லாம் நம்மாளு. இந்த எழுத்தப் போட்டது யாருய்யா?"

கதிரேசன் அண்ணன் என் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார்.

நீதிபதி சிரித்தார். வாய்விட்டு, கண் கலங்க. பிறகு ஃப்ளெக்ஸிலிருந்து அந்த ரோஜா மாலையைக் கழற்றித் தன் கழுத்தில் போட்டுக்கொண்டார்.

"ஐயா, போட்டோல கெடந்த மாலை... ஆகாதுங்க!" என்று பதறினார் அண்ணன்.

"எனக்காக அழுதுட்டுப் போட்டது. வேற எந்த மேடையில இது கெடைக்கும்?"

உத்தியோகம் எல்லாரையும் ஒருநாள் முன்னாள் ஆக்கிவிடும். நாற்காலியும் அப்படித்தான். ஆனால் பிறந்த இடத்தில் மட்டும் அந்தப் பதவி உயர்வு கிடையாது. எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. படிப்பகத்துக்குள் நீதிபதி நுழைவதற்குள், அண்ணன் ஸ்டூல் போட்டு ஏறி 'முன்னாள்' மேல் வெள்ளைத்தாளை ஒட்டி, கோணல்மாணலாக 'நம்ம' என்று எழுதிவிட்டார்.

என் படத்துக்கு என்ன மாலை என்று கேட்கிறீர்களா? ஒரு துண்டுக் கதம்பம். விசாரித்தேன்... "ஒனக்கு அம்புட்டுத்தான்டா" என்றார் ராக்காயி அக்கா!