கேக்கில் வெளுத்துப் போன வீரன்

இன்று கிரான்பர்னில் எங்கள் குசினியில் நின்றவர்கள்: நான், மருமகள் சுகந்தி, பேத்தி அபி, கேக் செய்துகொண்டு வந்த புவனா, என் மச்சாள் இராசமலர். ஒருவரையும் விடவில்லை.

அபிக்கு ஒன்பதாவது பிறந்தநாள். கொமிக்ஸில் வரும் கறுப்பின வீரன் ஒருவனைக் கேக்கில் கேட்டிருந்தாள்.

பெட்டியைத் திறந்தோம். உடுப்பு, சப்பாத்து எல்லாம் சரி. முகம் மட்டும் பால் வெள்ளை.

"கறுப்பாக் கிடந்தா போட்டோவில வடிவா விழாது எண்டு கொஞ்சம் வெளுப்பாக்கினனான்," என்றாள் புவனா, பெரிய உபகாரம் செய்தவளைப் போல.

அபிக்குக் கண் கலங்கிவிட்டது. "நோ அன்ரி! முந்தி கொமிக்ஸில கறுப்பு ஆக்கள் எண்டா கள்ளன், இல்லாட்டி வேலைக்காரன். கனகாலத்துக்குப் பிறகுதான் ஹீரோவாக் கீறினவை. என்ர கலரில எனக்கு இருக்கிறதே இவர் ஒராள்தான்!"

இராசமலர் சிரித்தாள். "விடு பிள்ளை, வெள்ளைதானே வடிவு."

நான் மைலோ சொக்லேட் மாவைச் சுடுதண்ணீரில் தடிப்பாகக் குழைத்து, அபியின் கையில் கரண்டியைக் கொடுத்தேன். காது மடல்கூட விடாமல் பூசினாள்.

"ஐயோ, மன்னிச்சுக்கொள்ளு செல்லம்," என்று கழுத்துக்குப் புவனாவே பூசிவிட்டாள். அவளை மன்னித்துவிட்டேன். கேக்கும் நல்ல ருசி.

ஆனால் அபி பிறந்த அன்று ஆஸ்பத்திரித் தொட்டிலுக்குள் எட்டிப் பார்த்து, "தாய் குங்குமப்பூ குடிக்கேல்லையோ?" என்று கேட்டவள், இன்று அந்த முகத்துத் துண்டுதான் வேண்டும் என்று கேட்டு வாங்கித் தின்றாள்.

உங்கள் குடும்பத்திலும் இப்படி ஒருத்தி இருப்பாள். பெயரைக் கீழே எழுதுங்கள். நான் மன்னிக்காதவள் இராசமலர்.