வெற்றிலை வைக்காத வாசல்

எனக்கு ஒரு கெட்ட குணம். யாராவது என்னைப் பார்த்துச் சிரிக்காமல் போய்விட்டால் போதும், அன்றைக்குச் சோறு இறங்காது. கங்காணி என் கொழுந்துக் கூடையைப் பார்த்து முகத்தைச் சுளித்தால், மூன்று நாளைக்கு அதையே நினைத்துப் புழுங்குவேன்.

பூண்டுலோயாவிலிருந்து கந்தப்பளைப் பக்கத் தேயிலைத் தோட்டத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்த புதிது. லயத்து வரிசை வீடுகளில் எனக்கென்று இருந்தவர் பக்கத்துக் காம்பரா அக்கா ஒருவர்தான். ஒரே அம்மியில் அரைப்போம், பக்கத்துப் பக்கத்து நிரையில் கொழுந்து எடுப்போம். அவர் மகளுக்குக் கலியாணம் கூடி வந்தது. வழக்கப்படி புருசனும் பெண்சாதியுமாக வெற்றிலை பாக்குத் தட்டோடு வீடு வீடாக அழைக்கக் கிளம்பினார்கள். நான் முகம் கழுவி, பொட்டு வைத்து, வாசலில் தயாராக நின்றேன். முதல் காம்பராவுக்கு வைத்தார்கள், கடைசிக் காம்பராவுக்கும் வைத்தார்கள். என் வாசலை மட்டும் தாண்டிப் போனார்கள். போகிற போக்கில், தன் வீட்டு அடுப்பில் பால் இருக்கிறது, பார்த்துக்கொள் என்று அக்கா வேறு சொல்லிவிட்டுப் போனார்.

வேற்றுத் தோட்டத்துக்காரிதானே என்று தள்ளிவிட்டார்கள், வேறென்ன? இரவல் வாங்கிய சுளகை அன்றே திருப்பிக் கொடுத்தேன். மறுநாள் நிரை மாறினேன். கலியாண வேலையில் அக்கா இதையெல்லாம் கவனிக்கவே இல்லை. அதற்கும் சேர்த்துக் கோபப்பட்டேன்.

கலியாணத்தன்று ரோசம் கெட்ட என் வீட்டுக்காரர் காலையிலேயே பந்தலுக்குப் போய்விட்டார். நான் தலைவலி என்று கம்பளியைப் போர்த்திக்கொண்டு படுத்திருந்தேன். அக்கா மஞ்சள் கையோடு வந்து கம்பளியை உருவினார்.

"ஏன்டி, மாப்பிள வீட்டுக்காரங்க வந்துட்டாங்க. ஆலாத்தித் தட்டு யாரு புடிக்கிறது?"

"எனக்கு வெத்தல வச்சீங்களா?" என்றேன். கேட்கும்போதே அழுகை முட்டியது.

அக்கா அப்படியே என் பாயில் உட்கார்ந்துவிட்டார். "வீட்டு ஆளுக்கு யாராச்சும் வெத்தல வப்பாங்களா? அப்ப நான் எனக்கும் வச்சுக்கணுமா?"

மூக்கைச் சிந்திக்கொண்டே சேலை மாற்றிப் போய் ஆலாத்தி எடுத்தேன். அதிலிருந்து மனசு சுருங்கினால் அன்றே நேரில் போய்க் கேட்டுவிடுவதென்று வைத்துக்கொண்டேன். கங்காணியிடமும் கேட்டேன். அவருக்குப் பல்வலியாம்.

சில வருடம் கழித்து அக்காவின் இளைய மகளுக்குக் கலியாணம். பழசை நினைத்து, பாவம், இந்தத் தடவை தட்டோடு முதலில் என் வாசலுக்குத்தான் வந்தார். எனக்கு வந்ததே கோபம். என்னை வெளி ஆளாக்கிவிட்டீர்களா என்று தட்டைப் பிடுங்கிக்கொண்டு, அடுத்த காம்பராவுக்கு வெற்றிலை வைக்க நானே போனேன்.