வால்வை மூடிய வீரலட்சுமி

மட்டாஞ்சேரியில் ஒரு தனியார் மருத்துவமனையின் பின்புறம், ஜெனரேட்டர் அறைக்கும் கால்வாய்க்கும் நடுவே வீரலட்சுமிக்கு வேலை. வார்டுகளின் கழிவுநீர் முழுவதும் அங்கே ஒரு தொட்டியில் சேர்ந்து, சுத்திகரித்த பிறகு கால்வாய்க்குப் போகும். அவள் அப்பா நகராட்சியில் சாக்கடை அள்ளியவர். மகள் கையில் அழுக்குப் படாமல் வால்வு திருப்புகிறாள் என்பதில் அவருக்குப் பெருமை.

களமசேரி பல்கலைக்கழகத்திலிருந்து ஷைலஜா டீச்சர் ஆராய்ச்சிக்காக வந்து, ஓசோன் கருவியும் ஆளுயரத் தூண் ஒன்றும் வைத்தார். தூணுக்குள் மாங்கனீசு பூசிய கறுப்பு மணிகள். நோயாளிகள் சாப்பிடும் ஆன்டிபயாடிக்கில் பெரும்பங்கு உடம்பில் தங்காமல் சிறுநீரோடு வந்துவிடுகிறது. ஓசோனை மட்டும் செலுத்தினால் அதில் கொஞ்சம்தான் உடையும், மணிகளும் சேர்ந்தால் மிச்சமும் உடையும் என்று அவர் விளக்கியிருந்தார். உடையாத மருந்து கால்வாயில் கலந்தால் என்ன ஆகும் என்று வீரலட்சுமி அப்போது கேட்கவில்லை.

மழைக்காலத்தில் காயல் பொங்கி, உப்புத்தண்ணீரும் சேறும் தூணுக்குள் புகுந்தன. மணிகள் கட்டிதட்டிப் போயின. ஆராய்ச்சி முடிந்திருந்ததால் டீச்சர் வருவதும் நின்றுபோயிருந்தது. கரண்ட் செலவைக் காட்டி, மேலாளர் பினு ஓசோனைப் பாதியாகக் குறைக்கச் சொன்னார். மணி மாற்ற வேண்டாமா என்று இவள் கேட்டாள்.

"தண்ணி தெளிஞ்சுதானே இருக்கு சேச்சி? நாத்தமும் இல்லல்லோ," என்றார் பினு.

அது உண்மைதான். கால்வாயில் விழுந்த தண்ணீர் கண்ணாடிபோல இருந்தது.

அவள் கணவன் தங்கதுரை ஜூ டவுன் கடைத்தெருக் கிடங்கில் மிளகு மூட்டை சுமப்பவன். ஞாயிற்றுக்கிழமை அந்தக் கால்வாயில் இறங்கி வலை வீசுவான். ஓணம் முடிந்த வாரம் சிப்பி ஓடு ஒன்று அவன் காலைக் கிழித்தது. துணியைச் சுற்றிக்கொண்டு வேலைக்குப் போனான். காயம் ஆறவில்லை, பாதம் வீங்கிக் கறுத்தது. தான் வேலை செய்யும் மருத்துவமனையிலேயே அவனைச் சேர்த்தாள். ஒரு மருந்து கேட்கவில்லை என்று வேறு மருந்து ஏற்றினார்கள். அதுவும் கேட்கவில்லை. இந்தக் கிருமி எதற்கும் மசிய மாட்டேனென்கிறது என்ற டாக்டர், எங்கே அடிபட்டது என்று விசாரித்தார். தங்கதுரை கால்வாயைச் சொன்னபோது வீரலட்சுமி கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

அன்று மத்தியானம் தொட்டியருகே வந்து நின்றாள். மேலே அவன் கையில் சொட்டுச்சொட்டாக இறங்கும் மருந்து கொஞ்ச நேரத்தில் இங்கேதான் வரும். செத்த மணிகளைத் தாண்டி அப்படியே போகும். கால்வாயின் அந்தப் பக்கம் யாரோ படியில் உட்கார்ந்து மீன் கழுவிக்கொண்டிருந்தார்கள்.

அவள் டீச்சருக்கு போன் செய்தாள். ஷைலஜா வந்து தண்ணீர் எடுத்துப் போய்ப் பரிசோதித்துவிட்டு, முடிவோடு திரும்பி வந்தார்.

"உள்ள வர்ற மருந்துல முக்கால்வாசி அப்படியே வெளிய போகுது சேச்சி. கிருமியைக் கொல்ற அளவு இல்ல. அதை மருந்துக்குப் பழக்கி விடுற அளவு."

"எங்க வீட்டுக்காரர் கால்ல இருக்கறது அதுதானா டீச்சர்?"

"அறியில்லா, தெரியல. இல்லன்னும் என்னால சொல்ல முடியாது."

வீரலட்சுமி போய் வெளியேற்றும் வால்வை மூடினாள். மறுநாளே தொட்டி நிரம்பி, கீழ்த்தளக் கழிப்பறைகளில் தண்ணீர் ஏறியது. பினு ஓடிவந்து, உடனே திறக்காவிட்டால் வேலை போய்விடும் என்று சத்தம் போட்டார்.

"போகட்டும் சார். மணி மாத்தாம என் கையால திறக்க மாட்டேன்."

டீச்சர் நேராக முதலாளியிடமே போய்ப் பேசினார். டேங்கர் லாரிகள் வந்து தண்ணீரை எடுத்துப் போயின. புது மணிகளும் வந்து சேர்ந்தன. ஓசோனும் பழைய அளவுக்கு ஏறியது. அடுத்த பரிசோதனையில், வெளியேறும் தண்ணீரில் மருந்து இருந்த தடமே அநேகமாக இல்லை.

தங்கதுரையின் பாதத்தில் பாதியை எடுத்துவிட்டார்கள். உயிர் தங்கியது, சுமை வேலை போயிற்று. வீரலட்சுமியை வேலையை விட்டு நிறுத்தவில்லை, ஆனால் பினு அவளோடு பேசுவதை நிறுத்திக்கொண்டார்.

டீச்சர் கால்வாய்ச் சேற்றையும் ஒருநாள் அள்ளிப்போய்ப் பார்த்தார். மருந்துக்கு மசியாத கிருமிகள் அதில் குடியேறியிருந்தன. இனி மருந்து வராவிட்டாலும் அவை எப்போது போகும், போகுமா என்பதே தனக்குத் தெரியாது என்றார்.

அந்த வாரம் பெண்கள் வார்டில் பேச்சி என்ற மீன்காரி காலில் கட்டோடு படுத்திருந்தாள். கால்வாய்ப் படியில் மீன் கழுவும்போது பட்ட சிறு கீறல்தான் அக்கா, நாளைக்கே சந்தைக்குப் போய்விடுவேன் என்று வீரலட்சுமியிடம் சிரித்துக்கொண்டே சொன்னாள்.