கடப்பாக்கல்லுக்கு அடியில்

எங்கள் குவார்ட்டர்ஸ் வீட்டுச் சமையல் மேடை கடப்பாக்கல். ஆவடியில் முக்கால்வாசி வீடுகளில் அதுதான். அந்தக் கல் வரும் ஆந்திராவின் கடப்பா பக்கத்தில் கைவிடப்பட்ட ஒரு சுண்ணாம்புக்கல் சுரங்கம் இருக்கிறது, உள்ளே தண்ணீர் ரொம்பிக் கிடக்கிறது, அதன் சுவரில் ஒரு ஓட்டை, அதற்கு அப்பால் குகையாம். நண்பன் இதைச் சொன்ன நாளிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அம்பத்தூரில் வேலை. அங்கே போகும் லோக்கல் ட்ரெயினில் சீட் கிடைத்தாலும் அண்ணனூர் தாண்டுவதற்குள் எழுந்து நின்றுவிடுவேன்.

நண்பன் திருமுல்லைவாயில்காரன். வீட்டில் தெலுங்கு, தெருவில் மெட்ராஸ் தமிழ். பாண்டிச்சேரிக் கடலில் டைவிங் கற்றவர்கள் நாங்கள். பிறகு வெளிநாடு போய்க் குகை டைவிங்கும் படித்தோம். கடலில் ஏதாவது ஆனால் மேலே வந்துவிடலாம். குகையில் தலைக்கு மேலே பாறை. போன வழியேதான் திரும்பணும். அதனால் போகும்போதே நைலான் நூல் கட்டிக்கொண்டு போவோம். தூசி கிளம்பிக் கண் தெரியாமல் போனாலும் நூலைத் தடவிக்கொண்டு வந்துவிடலாம்.

இந்தத் தடவலைத் தரையிலேயே பழகணும். மைதானத்தில் வேப்பமரத்துக்கு வேப்பமரம் நூலை இழுத்துக் கட்டி, துண்டால் கண்ணைக் கட்டிக்கொண்டு நடப்போம். சர்ச் விட்டு வருகிற ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் நின்று பார்த்துவிட்டுப் போகும். பக்கத்து வீட்டு ஃபேக்டரி அண்ணன் ஒரு நாள் நூலைச் சுண்டிப் பார்த்தார்.

"இன்னா நைனா, காத்தாடி மாஞ்சாவா? போலீஸ் வந்தா என் ஊட்டாண்ட நிக்காத."

குகைக்கு என்று விளக்கினோம். கண்ணைக் கட்டிக்கினு தண்ணிக்குள் போக ஒரு படிப்பு, அதுக்கு ஒரு லீவு என்று தலையில் அடித்துக்கொண்டார். ஆனால் நாங்கள் முடிக்கும்வரை நகரவில்லை.

நான் வேகமாகப் போய் மரத்தில் முட்டிக்கொள்கிற ரகம். அதனால்தான் நண்பன் குகை டைவிங்கின் ஒரு வழக்கத்தைத் திரும்பத் திரும்ப ஞாபகப்படுத்தினான். குகைக்குள் யார் வேண்டுமானாலும், எப்போது வேண்டுமானாலும் கட்டைவிரலை உயர்த்தலாம். உயர்த்தினால் டைவ் முடிந்தது, எல்லோரும் திரும்பணும். ஏன் என்று கேட்கக் கூடாது. மேலே வந்த பிறகும் கேட்கக் கூடாது. ஒருமுறை கேட்டுவிட்டால், அடுத்த முறை மனசு சரியில்லாதவன் சொல்வதற்கு ஒரு காரணம் தேடுவான். காரணம் கிடைக்காமல் உள்ளே போய்விடுவான்.

"நீ கேக்காம இருக்க மாட்ட மச்சான்" என்றான். "கேட்டன்னு வை, அத்தோட நம்ம ஜோடி கட்."

சுரங்கத்துக்காரர் ஒரே ஒரு சனிக்கிழமை தந்தார். மறுபடி கல் வெட்ட, அடுத்த வாரம் மோட்டார் போட்டுத் தண்ணீரை இறைத்துவிட்டு, ஓட்டை இருக்கும் சுவரை உடைக்கப் போகிறார்கள். பார்த்தால் அன்றைக்குப் பார்த்ததுதான்.

தண்ணீர் அவ்வளவு தெளிவு, இல்லாத மாதிரியே இருந்தது. கீழே தண்டவாளம், குப்புறக் கவிழ்ந்த ஒரு கல் வண்டி, எல்லாவற்றின் மேலும் மைதா கொட்டினதுபோல் வெள்ளைத் தூசி. காலை உதைத்தால் போச்சு. மூச்சை இழுத்து இழுத்து விட்டேன், காலை மட்டும் அடக்கினேன். நண்பன் நூலை விட்டுக்கொண்டு முன்னால் போனான். சுவரில் உளித்தடம் முடிந்து, வழவழப்பான பாறை ஆரம்பித்தது. ஓட்டை. ஆள் நுழையும் அளவு. என் விளக்கை உள்ளே அடித்தேன். வெளிச்சம் எதிலும் முட்டவில்லை.

அவன் விளிம்பைப் பிடித்து நின்றான். போடா, போ என்று மனசுக்குள் தள்ளினேன். அவன் விளக்கைத் தன் கைமேல் திருப்பினான். கட்டைவிரல்.

காற்று மீட்டரைப் பார்த்தேன். திரும்ப வேண்டிய அளவு வரவில்லை, தாராளமாக இருந்தது. அதை அவனுக்குக் காட்ட என் கை பாதி தூக்கியாகிவிட்டது. காட்டினால் அதுவும் கேட்பதுதான். விரலை மடக்கிக் கட்டைவிரலாக்கினேன். திரும்பினோம்.

மேலே வாட்ச்மேன் உள்ளே என்ன இருக்கிறது என்று தெலுங்கில் கேட்டார். தண்ணீர் என்றான் நண்பன். அவ்வளவுதான்.

கார் ரேணிகுண்டா தாண்டியது. டீ வேண்டுமா என்று கேட்டேன். ஏசியைக் குறைக்கட்டுமா என்று கேட்டேன். திருத்தணி வரைக்கும் ஜன்னலை ஏற்றி இறக்கிக்கொண்டே வந்தேன்.

"கேக்கணும் போல கீதா மச்சான்?" என்றான், ரோட்டைப் பார்த்தபடி.

"கீது."

"ம்" என்றான். திருவள்ளூர் வந்தது, ஆவடி வந்தது. சிலிண்டர்களை இறக்கினோம். நான் கேட்கவில்லை, அவன் சொல்லவில்லை. அந்த வாரம் முழுக்க அவன் நம்பரை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன். உடம்பு சரியில்லையா, பயமா, எதையாவது பார்த்தானா? நானே ஒன்பது காரணம் செய்து ஒன்பதையும் உடைத்தேன்.

மோட்டார் போட்டார்கள். சுவர் போனது. அந்தக் குகை எதுவரை போனது என்று இனி யாருக்கும் தெரியாது.

கொஞ்ச நாள் கழித்து அவனே கூப்பிட்டான். கர்னூல் பக்கம் ஒரு கிணறு, அடியில் சுண்ணாம்புப் பாறை, பக்கவாட்டில் ஒரு வாய் தெரிகிறதாம்.

"வேற யாரையும் கூப்புடல. வர்றியா?"

எப்போது என்று மட்டும் கேட்டேன்.