அணில் வராத தோட்டம்

கனடாவின் ஸ்கார்பரோவில் அணிலுக்குத் தப்பி ஒரு தக்காளி பழுத்ததாகச் சரித்திரம் இல்லை. ஆனால் அந்தக் கோடையில் மரியம்மாவின் பின்வளவுத் தோட்டத்துக்கு ஒரு அணிலும் வரவில்லை.

மன்னாரிலிருந்து வந்த நாள் முதல் மரியம்மாவுக்கு ஒரே வேலைதான்: சைக்கிள் தொழிற்சாலையில் முடிந்த சைக்கிள்களைப் பெட்டியில் அடைப்பது. பெட்டியில் ஒரு பச்சை இலை அச்சிட்டிருக்கும். புகை விடாத வாகனம் என்று அதற்குப் பொருளாம். அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. தொழிற்சாலையில் காலியாகும் ட்ரம்களைப் பின்வாசல் கேற்றில் வைத்துவிடுவார்கள், விரும்பியவர்கள் கொண்டுபோகலாம். அவளும் ஒரு நீல ட்ரம்மைக் கொண்டுவந்து, சோப்புப் போட்டுத் தேய்த்து, மழைத்தண்ணீர் பிடித்துக் கத்தரிக்கு ஊற்றினாள்.

காய்கள் மினுமினுத்தன. புழு இல்லை, எறும்பு இல்லை. தெருவெல்லாம் குப்பைவாளி கவிழ்க்கும் ரக்கூன்கூட அவளுடைய வேலியோடு திரும்பிப் போனது. மாதா காவல் நிற்கிறா என்று நினைத்துக்கொண்டாள். ஏழு மாத வயிற்றோடிருந்த மகள் கிறிஸ்ரினா கத்தரிக்காய்க் குழம்புக்கு ஆசைப்பட்டு நச்சரித்தாள். முதற்காய் மாதாவின் திருநாளுக்குக் கோயிலில் கொடுத்த பிறகுதான் உனக்கு என்று மரியம்மா மறித்துவிட்டாள்.

திருநாளுக்கு முதல்நாள், அதே தொழிற்சாலையில் சைக்கிள் பாகங்களுக்குக் குரோம் பூசும் சூசைதாசன் காய்களை ஏற்றிப்போகக் காரோடு வந்தார். ட்ரம்மைக் கண்டதும் நின்றுவிட்டார்.

"தங்கச்சி, உது எங்கட குரோம் தொட்டிக்கு அசிட் வாற ட்ரம்."

"நல்லாக் கழுவினனான் அண்ணை."

அவர் கையை விரித்துக் காட்டினார். விரல்களில் மிளகளவு குழிகள், ஆறாமல். "நானும்தான் ஒவ்வொரு நாளும் கழுவுறன். பிள்ளை கிறிஸ்ரினா தின்னேல்லைத்தானே?"

"இன்னும் ஒருத்தரும் வாயில வைக்கேல்லை" என்றாள்.

செடிகளைப் பிடுங்கியபோது வேரோடு வந்த மண்ணில் ஒரு மண்புழுகூட இல்லை.

திங்கட்கிழமை ட்ரம்மைத் திருப்பிக் கொண்டுபோய் விசயத்தைச் சொன்னாள். சுப்பவைசர் தோளைக் குலுக்கிவிட்டு அதை மறுபடி பின்கேற்றிலேயே வைத்தான். வேலை முடிந்து வெளியே வந்தபோது அது அங்கே இல்லை.

பஸ் யன்னலால் அன்றுதான் மற்றவர்களின் பின்வளவுகளைப் பார்த்தாள். கூரையிலிருந்து இறங்கும் ஒரு பீலிக் குழாயின் கீழே நீல ட்ரம். அடுத்த தெருவிலும் ஒன்று. அதற்கடுத்ததிலும். பயிற்றை, மிளகாய், கத்தரி எல்லாம் பளபளவென்று நின்றன. ஒரு வேலியிலும் அணில் ஓடவில்லை.

மணிக்கயிற்றை இழுத்து இறங்கி, முதல் வீட்டுக் கதவைத் தட்டினாள். உள்ளேயிருந்து கத்தரிக்காய் பொரியும் மணம் வந்தது.