பாகவதருக்கு வைத்த குரல் சோதனை

கடவுளைக் கூப்பிடுவதற்கும் தகுதிச் சோதனை வைத்திருந்த ஊர் எங்கள் போடி. மற்ற ஊர்களில் மார்கழி விடியலில் குளித்துவிட்டு வந்தவர் எல்லாரும் பஜனையில் பாடலாம். எங்கள் கோஷ்டியில் அது நடக்காது. ஐப்பசியில் ஒருநாள் பஜனை மடத்துக் கூடத்தில் குரல் சோதனை நடக்கும். தேறியவர் ஜமக்காளத்தில் உட்காரலாம். தேறாதவர் வாசலில் நின்று கன்னத்தில் போட்டுக்கொள்ளலாம், அதற்குத் தடையில்லை. பெண்களுக்குச் சோதனை கிடையாது. ஊருக்கு வெளியே இருந்த தெருக்காரர்களுக்கும் கிடையாது. அவர்கள் குரல் எப்படி இருக்கும் என்று யாருக்கும் தெரியாது. தெரிந்துகொள்ள யாரும் ஆசைப்படவும் இல்லை.

ஜெர்மன் சண்டைக்குச் சில வருஷங்கள் முந்திய சங்கதி இது. நான் அப்போது பத்திரப் பதிவு ஆபீஸில் சின்ன குமாஸ்தா. நானும் ஒருமுறை சோதனைக்கு நின்று முதல் அடியிலேயே விழுந்தவன். ஆனால் விதிகளைப் பிழையில்லாமல் எழுதத் தெரிந்தவன் என்பதால் என்னைக் காரியதரிசி ஆக்கிவிட்டார்கள். பாடத் தெரியாதவனிடம் பாட்டை நிர்வகிக்கக் கொடுப்பது அப்போது எனக்கு விசித்திரமாகப் பட்டது. முப்பது வருஷ அரசாங்க உத்தியோகத்துக்குப் பிறகு அப்படிப் படவில்லை.

கோஷ்டிக்கு இரண்டு தலைவர்கள். பெரிய பாகவதர் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். நாடகக் கம்பெனி ஒன்று எங்கள் ஊரில் கலைந்தபோது திரும்பிப் போக வழியில்லாமல் மனைவியோடு இங்கேயே தங்கியவர். முன்னால் நின்று பாடுவது அவர். சின்ன பாகவதர் உள்ளூர் விவசாயக் குடும்பத்துப் பிள்ளை. ஆர்மோனியம் வாசித்துக்கொண்டு பின்பாட்டுக்காரர்களை நடத்துவது அவர். பெரியவருக்கு மடத்தை ஒட்டிய ஓட்டு வீட்டைக் கமிட்டி கொடுத்திருந்தது. முன்பாட்டுப் பதவியில் இருக்கும்வரை வீடு அவருக்கு. பதவி போனால் வீடும் போகும். இதுவும் விதிதான். நான் எழுதியது அல்ல, எனக்கு முன்பே இருந்தது.

சோதனைக்கு மூன்று கட்டங்கள். பாகவதர் ஓர் அடி பாடுவார், வந்தவர் திருப்பிப் பாட வேண்டும். அடுத்து பாகவதர் நிறுத்திக்கொள்வார், வந்தவர் சுருதியை மட்டும் துணைக்கு வைத்துக்கொண்டு தனியே பாட வேண்டும். இரண்டிலும் தப்பியவர் மூச்சு வாங்கும் நேரத்தில், ஒண்ணரைக் கட்டையில் இருந்த ஆர்மோனியச் சுருதியை ஒன்றும் சொல்லாமல் இரண்டாம் கட்டைக்கு ஏற்றிவிடுவார்கள். காது உள்ளவன் தானும் கூடவே ஏறுவான். இல்லாதவன் பழைய இடத்திலேயே நின்று உருக்கமாகப் பாடிக்கொண்டிருப்பான், கூடம் சிரிக்கும். இந்த மூன்றாவது கட்டம் பெரிய பாகவதரின் கண்டுபிடிப்பு. பாதிப் பேர் அதில்தான் விழுவார்கள்.

ஒவ்வொரு தை மாதமும் கோஷ்டி மலையேறிப் போய், ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோர்களில் பாடிவிட்டு இறங்கும். ஏலக்காய் வாசனையோடு காய்ச்சலையும் கொண்டுவருவார்கள். ஒரு வருஷம் பெரிய பாகவதருக்கு வந்த காய்ச்சல் விடவே இல்லை. ஒருநாள் விட்டு ஒருநாள் நடுக்கம். தபாலாபீஸில் காலணாவுக்கு விற்ற கொயினா மருந்துப் பொட்டலங்களை அவர் மலிவாகக் கிடைத்த பலகாரம் போலத் தின்றார். உதறல் நின்றது. காதில் இரைச்சல் தொடங்கியது.

"எனக்குன்னு தனியா ஒரு தம்பூராவைக் காதுக்குள்ள வச்சுட்டாங்க தம்பி" என்று என்னிடம் சொன்னார். "என்ன, அது வேற சுருதியில நிக்குது."

முதலில் இரைச்சலும் இருந்தது, காதும் கேட்டது. பிறகு இரைச்சல் மட்டும் இருந்தது. உதட்டைப் பார்த்துப் பதில் சொல்லப் பழகிக்கொண்டார். பார்க்காதபோது கேட்டால் பதில் வராது. பெரிய வித்துவான், கூப்பிட்டதும் திரும்புவாரா என்று ஊர் அதையும் பெருமையாக எடுத்துக்கொண்டது. பாட்டு கெடவில்லை. ஒண்ணரைக் கட்டை அவர் தொண்டையில் ஊறிப்போன இடம். காதைக் கேட்காமலே குரல் அங்கே போய் நின்றுகொள்ளும். எங்காவது விலகினால் தெருவில் பக்கத்தில் நடந்துவரும் சின்ன பாகவதர் முழங்கையால் மெதுவாக இடிப்பார்.

சோதனை நாள்தான் சிக்கல். அதற்கும் ஒரு வழி வைத்திருந்தார்கள். இருவரும் ஜமக்காளத்தில் முழங்கால் முட்ட உட்காருவார்கள். வந்தவன் பாடி முடித்ததும் சின்னவரின் முழங்கால் ஒருமுறை அழுத்தினால் சரி, இரண்டு முறை என்றால் கூடாது. பெரியவர் கொஞ்ச நேரம் கண்ணை மூடி யோசித்துவிட்டுத் தீர்ப்புச் சொல்வார். எதிரில் உட்கார்ந்திருந்த எனக்கு இது தெரியும். நான் பார்த்தது அவர்களுக்கும் தெரியும். முழங்காலைப் பற்றி விதிகளில் ஒன்றும் இல்லை. மடத்தை ஒட்டிய அந்த ஓட்டு வீட்டில் பெரியவரின் மனைவியும் அதே காய்ச்சலில் கிடந்தார்.

இதற்கு நடுவில் புது விதி ஒன்று வந்தது. சின்ன பாகவதரின் பெரியப்பா மகன் தேறினான், ராசிங்காபுரத்துக் கமிட்டிக்காரர் ஒருவரின் மகன் தேறவில்லை. பையனுக்கு உண்மையிலேயே குரல் இல்லை, ஆனால் அதை எந்தத் தகப்பனிடம் சொல்ல முடியும். சோதனைக்கு வருபவன் தேர்வு செய்பவருக்கு உறவு என்றால், அவர் எழுந்து கூடத்துக்கு வெளியே போய்விட வேண்டும் என்று கமிட்டி முடிவு செய்தது. நல்ல விதி. இன்றைக்கும் நல்ல விதிதான்.

அடுத்த ஐப்பசியில் தேவாரம் ஊரிலிருந்து சின்ன பாகவதரின் மச்சினன் வந்தான். நல்ல பாட்டுக்காரன் என்று கேள்வி. ஆனால் சோளக்காட்டில் யானை இறங்கும் காலம். ராத்திரி ராத்திரி பரணில் நின்று கத்தி விரட்டியதில் அவன் குரல் அடியோடு போயிருந்தது. என் காதருகே வந்து வெறும் காற்றாகச் சொன்னான்.

"அண்ணே, தொண்டை அத்துப்போச்சுண்ணே. சும்மா நின்னுட்டுப் போயிர்றேன். வராம இருந்தா எங்க அக்கா வீட்டுக்குள்ள விடமாட்டா."

"இந்த வருசம் விட்டா அடுத்த வருசந்தானப்பா."

"ஆனை அடுத்த வருசமும் வரும்ணே."

சின்ன பாகவதர் நிலைமையைப் புரிந்துகொண்டார். "இவனை நாளைக்கு வச்சுப் பாப்பமே" என்றார்.

ராசிங்காபுரத்துக்காரர் விடவில்லை. "ஏன் மாப்ளே, ஒன் மச்சினன்னா நாளைக்கா? எங்க பயலுக்கு அப்படி ஒரு நாளைக்கு வரவே இல்லையே."

கமிட்டித் தலைவர் என் பக்கம் திரும்பினார். சிலமலை ஊர் நிலத்தில் பாதி அவர் குடும்பத்துடையது என்பார்கள். "விதி என்னய்யா சொல்லுது?"

"சோதனை ஒருநாள்தான். உறவுக்காரர் வெளியே போகணும்" என்றேன்.

சின்ன பாகவதர் எழுந்தார். பெரியவர் தன் முழங்காலுக்குப் பக்கத்தில் காலியான இடத்தைப் பார்த்தார், பிறகு வாசலைத் தாண்டும் முதுகைப் பார்த்தார். மிருதங்கக்காரர் சுருதிப் பெட்டியை அமுக்கத் தொடங்கினார். பெரியவர் ஓர் அடி பாடினார். மச்சினன் கைகூப்பி, தாளம் போட்டு, வாயைத் திறந்தான். ஓட்டைத் துருத்தியில் வருவது போல காற்று வந்தது. சொல் இருந்தது, உதட்டசைவு இருந்தது, தாளம் இம்மியும் பிசகவில்லை. குரல் மட்டும் இல்லை. பெரியவர் நிறுத்திக்கொண்டார், அவன் தனியே பாடினான். அதாவது, பாடும் மனிதன் செய்வது எல்லாவற்றையும் செய்தான். கூடத்தில் சுருதிப் பெட்டியின் சத்தம் ஒன்றுதான் கேட்டது. சுருதியை ஏற்றச் சின்னவர் இல்லாததால் மூன்றாவது கட்டம் நடக்கவில்லை.

பெரியவர் கண்ணை மூடினார். வழக்கம்போல் கொஞ்ச நேரம் யோசித்தார்.

"சுருதி சேருது. தாளமும் நிக்குது. எடுத்துக்கலாம்."

 மச்சினன் பயந்துபோய் என்னைப் பார்த்தான். ராசிங்காபுரத்துக்காரர்தான் முதலில் வாயைத் திறந்தார்.

"பாகவதரே, ஊமை பாடுனாலும் ஒமக்குச் சுருதி சேருமாக்கும்?"

அப்போது சொன்னவர் தன் முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டிருந்தார். உதடு சரியாகத் தெரியாததால், பாராட்டு என்று நினைத்துப் பெரிய பாகவதர் சிரித்துத் தலையாட்டினார். இரண்டு பேர் சிரித்தார்கள். மற்றவர்கள் தரையைப் பார்த்தார்கள். சின்ன பாகவதர் உள்ளே வந்து எல்லார் முகத்தையும் பார்த்தார், பழைய இடத்தில் உட்கார்ந்தார், முழங்காலை இரண்டு முறை அழுத்தினார். பெரியவரின் சிரிப்பு மெல்ல இறங்கியது.

ஒரு வாரத்தில் கமிட்டி கூடியது. குரலைப் பற்றிப் புகார் வந்தால் யாரையும் மறுபடி சோதிக்கலாம் என்று விதி இருந்தது. கோஷ்டித் தலைவருக்கு விலக்கு உண்டா என்று கேட்டார்கள். இல்லை. பெரிய பாகவதர் அதை எதிர்க்கவில்லை.

"தாராளமா வையுங்க" என்றார். "நான் எத்தனை பேரை நிக்கவச்சிருக்கேன்."

"மூணு கட்டமும் வேண்டாம்" என்றார் கமிட்டித் தலைவர். "சின்னவர் சுருதி கொடுக்கட்டும். அதுல இவரு சேந்து பாடட்டும். ஒண்ணு போதும்."

இந்தமுறை முழங்காலுக்கு வழியில்லை. சோதனைக்கு வந்தவர் கூடத்து நடுவில் நிற்க வேண்டும். ஆர்மோனியத்துக்கு முன்னால் பலகை ஒன்று உண்டு, கட்டையின் மேல் விரல் எங்கே இருக்கிறது என்று நிற்பவருக்குத் தெரியாது. அந்தப் பலகையை வைக்கச் சொன்னவரும் பெரிய பாகவதர்தான். சின்னவர் துருத்தியை அமுக்கினார். சுருதி எழுந்தது. சின்னவர் தலையை அசைத்தார், ஆரம்பிக்கலாம் என்று.

பெரியவர் பாடினார். அவ்வளவு சுத்தமாக அவர் பாடி நான் கேட்டதில்லை. குரல் ஊசி மாதிரி ஒரே இடத்தில் நின்றது. ஆனால் அந்த இடம் வேறு. ஆர்மோனியத்துக்கு அரைக் கட்டை மேலே, இரண்டும் பல்லைக் கடிப்பது போல உரசிக்கொண்டு, அவர் பாடப் பாட அந்த உரசலும் நிற்காமல் வந்தது. பாட்டுத் தெரியாத எனக்கே உடம்பு கூசியது. அவருக்கு மட்டும் ஒன்றும் இல்லை. முழு அடியையும் பாடி முடித்துக் கைகூப்பினார்.

கமிட்டித் தலைவர் எழுந்து போய்விட்டார். தீர்ப்பை நான்தான் விரலால் சைகை காட்டிச் சொன்னேன்.

வெளியே சின்ன பாகவதர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "அண்ணே, நான் ஒண்ணரைதாண்ணே வச்சேன். வேற எதுவும் வைக்கலை. காதே இல்லாட்டியும் அவரு அதுல வந்து நின்னுருவாருன்னுதான் வச்சேன். ஏண்ணே மேல போனாரு?"

அன்று சாயங்காலம் பெரியவர் வீட்டில் அதற்கு விடை கிடைத்தது. என்னை உட்காரச் சொல்லி, "பய ரெண்டுதானே வச்சான்?" என்று கேட்டார். "சோதனைன்னா கட்டையை மாத்தணும். ஏமாத்திப் பாக்கணும். அப்படித்தானே சொல்லிக்கொடுத்திருக்கேன். அதான் நேரா ரெண்டுக்குப் போயிட்டேன்."

ஒரு விரலைக் காட்டி, இன்னொன்றைப் பாதியாக மடக்கிக் காட்டினேன்.

அவர் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஒண்ணரையா" என்றார். "என் சோலியைக் காப்பாத்தணும்னு நெனச்சிருக்கான். கூறுகெட்ட பய. நான் சொன்னதைச் செஞ்சிருந்தா தப்பிச்சிருப்பேன்." உள்ளே கட்டிலில் அவர் மனைவி போர்வைக்குள் நடுங்கிக்கொண்டிருந்தார். காய்ச்சல்காரியை வண்டியில் ஏற்றக் கூடாது என்று வைத்தியர் சொல்லியிருந்தார்.

கமிட்டியிடம் இதை விளக்கிச் சொன்னேன். எல்லாருக்கும் புரிந்தது. ரொம்ப வருத்தம் என்றார்கள். காது கேட்டிருந்தால் எதை வைத்தான் என்று ஊகிக்க வேண்டியிருக்காதே என்று ராசிங்காபுரத்துக்காரர் சொன்னார். அவர் சொன்னதும் சரியாகத்தான் இருந்தது. கார்த்திகை முடிய வீட்டில் இருக்கலாம், மார்கழி முதல் தேதிக்குப் புது முன்பாட்டுக்காரர் அங்கே விளக்கேற்ற வேண்டும் என்று முடிவாயிற்று. அடுத்த முன்பாட்டுக்காரரான சின்ன பாகவதர் தனக்கு வீடு வேண்டாம், சொந்த வீடே இருக்கிறது என்றார். முன்பாட்டுக்காரர் மடத்தை ஒட்டித்தான் குடியிருக்க வேண்டும் என்றார்கள். இரண்டு நாள் முரண்டுபிடித்துவிட்டு ஒப்புக்கொண்டார்.

மச்சினன் சங்கதியையும் கமிட்டி விட்டுவிடவில்லை. பெரியவர் பதவியில் இருந்தபோது சொன்ன தீர்ப்பு என்பதால் அது செல்லும் என்று ஆயிற்று. யானைக்காலம் முடிந்து தொண்டை திறந்ததும் அவன் வந்து ஜமக்காளத்தில் உட்கார்ந்தான். உண்மையிலேயே நல்ல குரல்.

கார்த்திகைக் கடைசியில் ஒரு சாயங்காலம் பெரியவர் வீட்டு வாசலில் வண்டி நின்றது. அம்மையநாயக்கனூர் போய் ரயில் பிடிக்க வேண்டும். வைக்கோல் பரப்பிப் பாயைப் போட்டு அந்த அம்மாளைப் படுக்கவைத்தார்கள். கோஷ்டியில் யாரும் வழியனுப்ப வரவில்லை, அது ஒத்திகை நேரம். தெருமுனை வரை போகலாம் என்று நான் வண்டிக்குப் பின்னால் நடந்தேன். பெரியவர் காலைத் தொங்கப்போட்டு என்னைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

வண்டி மடத்தைத் தாண்டியது. கூடத்துக்குள் முப்பது குரல்கள் பின்பாட்டை எடுத்தன. ஓடு அதிரும் சத்தம். வலது மாடு மிரண்டு தலையை உதறியது.

பெரியவர் மூடியிருந்த மடத்துக் கதவைப் பார்த்தார். "இன்னைக்கு ஒத்திகை இல்லையா தம்பி? மார்கழி வந்தாச்சே. தினமும் வைக்கணுமே."

போர்வைக்குள்ளிருந்து அந்த அம்மாள் தலையைத் தூக்கினார். பாட்டு அவருக்குக் கேட்டுக்கொண்டிருந்தது. "இல்லைன்னே சொல்லிருங்க" என்றார் என்னிடம்.

இல்லை என்று தலையாட்டினேன்.

"சோம்பேறிப் பயலுக" என்றார் பெரியவர். வண்டிக்காரன் மாட்டைத் தட்டினான்.